எல்எஸ்யூ 2019 சீசன்: ஜோ பர்ரோ ஒருத்தரால மட்டும் வந்த வெற்றியா?

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: இங்க சென்னைல இன்ஜினியரிங் முடிச்சிட்டு அமெரிக்காவுல பேட்டன் ரூஜ்ல இருக்கற எல்எஸ்யூல (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) எம்எஸ் சேரப் போறீங்க, அட்மிஷன் கெடச்ச நாள்லேந்து அங்க இருக்கற சீனியர்ஸ் எல்லாம் காலேஜ் ஃபுட்பால் டீமைப் பத்தி "2019 டீம், 2019 டீம்"னே பேசறாங்க, அப்படி என்னதான் பண்ணாங்க, ஜோ பர்ரோன்னு ஒருத்தர் வந்து ஜெயிச்சுக் குடுத்துட்டாராமே, விஷயம் அவ்வளவுதானான்னு.

அவ்வளவு இல்ல. பர்ரோ இல்லாம அந்த சீசன் கிடையாது, அதுல சந்தேகமே வேணாம். ஆனா அதே பர்ரோ 2018லயும் அதே டீம்ல, அதே கிரவுண்ட்லதான் ஆடினாரு, அப்ப அவரை யாரும் பெரிசா கண்டுக்கல. நடுவுல மாறினது டீம் ஆடற விதம். பல வருஷமா ஒரே மாதிரி ஆடிப் பழகின ஒரு காலேஜ், தன்னோட அட்டாக்கை மொத்தமா கழட்டிப் போட்டுட்டு புதுசா ஒண்ணைக் கட்டுச்சு, அதுக்கு ஹெட் கோச் மனசு வச்சு இடம் குடுத்தாரு. என்னைக் கேட்டா அந்த முடிவுலதான் சீசனே இருக்கு.

ரூல்ஸ் தெரியாதுன்னு சொன்னீங்க, சுருக்கமா சொல்லிடறேன். இது நம்ம நேரு ஸ்டேடியத்துல ஆடற ஃபுட்பால் இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். ஒரு பக்கம் 11 பேரு. பந்து கையில இருக்கற டீமுக்கு நாலு சான்ஸ், அதுக்குள்ள 10 யார்டு முன்னாடி போகணும், போயிட்டா மறுபடியும் நாலு சான்ஸ், போகலைன்னா பந்து எதிராளிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினா டச்டவுன், 6 பாயிண்ட், கூடவே ஒண்ணோ ரெண்டோ எடுக்க ஒரு வாய்ப்பு. தூரத்துலேந்து கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 3. ஆட்டத்தை நடத்தறவரு குவார்ட்டர்பேக், பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடறவரு ரன்னிங் பேக், பாஸ் பிடிக்கறவங்க ரிசீவர்ஸ், இவங்களுக்கெல்லாம் முன்னாடி நின்னு அடி வாங்கறது அஞ்சு பேர் கொண்ட லைன். இவ்வளவு போதும், மிச்சம் பாக்கப் பாக்க வந்துடும்.

இன்னொண்ணு, இது ஐபிஎல் மாதிரி நாலு தோத்தாலும் ரன் ரேட்ல உள்ள வந்துடற விளையாட்டு கிடையாது. ரெகுலர் சீசன்ல மொத்தமே 12 மேட்ச், பெரும்பாலும் வாரத்துக்கு ஒண்ணு, அதுவும் சனிக்கிழமை. அப்பறம் கான்ஃபரன்ஸ் (காலேஜ்கள் சேர்ந்து ஆடற லீக்) ஃபைனல். அப்ப நாடு முழுக்க நாலே நாலு டீமுக்குத்தான் பிளேஆஃப்ல, அதாவது நாட்டோட சாம்பியனை முடிவு பண்ற கடைசிச் சுற்றுல, இடம் (2024லேந்துதான் 12 டீம் ஆச்சு). ஒரு மேட்ச் தோத்தாலே வயித்துல புளி கரைக்கும், ரெண்டு தோத்தா அநேகமா கதை முடிஞ்சுது. இந்த அமைப்புல 15க்கு 15 ஜெயிச்சாங்க.

இப்ப பழைய கதை கொஞ்சம் தெரியணும். எல்எஸ்யூ எஸ்இசின்னு ஒரு கான்ஃபரன்ஸ்ல இருக்காங்க, நாட்டுலயே கஷ்டமான கான்ஃபரன்ஸ் அதுதான், அதுலயும் அப்ப அலபாமா இருந்த அதே பிரிவு. 2011 நவம்பர்ல அலபாமாவை ஜெயிச்சாங்க, அதுக்கப்பறம் 2018 வரைக்கும் அவங்ககிட்ட வரிசையா எட்டு தோல்வி. அதுல மொதல் தோல்வி 2012 ஜனவரில நடந்த நேஷனல் சாம்பியன்ஷிப் ஃபைனல், நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம்ல, 21-0. சொந்த மாநிலத்துல, சொந்த ஜனங்க முன்னாடி, ஒரு பாயிண்ட் கூட எடுக்க முடியல. அன்னிக்கு எல்எஸ்யூ குவார்ட்டர்பேக் பேரு ஜோர்டன் ஜெஃபர்சன். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசில தேவைப்படும்.

அந்த வருஷங்கள்ல எல்எஸ்யூகிட்ட ஆள் பலம் இல்லாம இல்ல, டிஃபென்ஸ் எப்பவுமே டாப்தான். பிரச்சினை அட்டாக். ரன்னிங் பேக் கையில பந்தைக் குடு, நடுவுல முட்டு, மூணு யார்டு எடு, மறுபடியும் முட்டு. உலகமே பாஸ் பண்ணி ஆட ஆரம்பிச்சாச்சு, இவங்க மட்டும் பழைய பாட்டையே பாடிட்டு இருந்தாங்க. 2018ல அலபாமா பேட்டன் ரூஜ்க்கே வந்து 29-0ன்னு அடிச்சிட்டுப் போனாங்க.

அந்த 2018தான் பர்ரோவுக்கு எல்எஸ்யூல மொதல் வருஷம். ஒஹாயோல ஏதென்ஸ் பக்கத்துல வளர்ந்த பையன், அப்பா காலேஜ் டீம் கோச், ஒஹாயோ ஸ்டேட்ல சேர்ந்து பெஞ்ச்லயே உக்காந்திருந்தாரு, போட்டில இடம் கெடைக்கலைன்னதும் டிகிரியை முடிச்சிட்டு எல்எஸ்யூக்கு மாறினாரு. 2018ல அவரு போட்ட பாஸ்ல 57.8 சதவீதம்தான் சேர்ந்துச்சு, 16 டச்டவுன். சுமார். அடுத்த வருஷம் 76.3 சதவீதம், 5,671 யார்டு, 60 டச்டவுன், இன்டர்செப்ஷன் (எதிராளி பிடிச்சுட்ட பாஸ்) வெறும் 6. அந்த 60 அப்ப ஆல்டைம் ரெக்கார்டு (2021ல வெஸ்டர்ன் கென்டக்கியோட பெய்லி ஸாப்பி 62 போட்டுத் தாண்டினாரு). ஒரே ஆளு, ஒரு வருஷ இடைவெளி. மனுஷன் உழைச்சாரு, சரி, ஆனா உழைப்பு மட்டும் 16ஐ 60 ஆக்காது.

ஹெட் கோச் எட் ஓஜெரான். லூசியானா மண்ணோட ஆளு, லரோஸ்னு ஒரு சின்ன ஊரு, இறால் பிடிக்கற பக்கம், குரல் கேட்டா தொண்டைல சரளைக்கல் உருளற மாதிரி இருக்கும். இதுக்கு முன்னாடி ஓல் மிஸ்ங்கற இன்னொரு காலேஜ்ல ஹெட் கோச்சா மூணு வருஷத்துல 10 வெற்றி, 25 தோல்வி, வேலை போச்சு. 2016ல எல்எஸ்யூல தற்காலிகமா உக்கார வச்சு, அப்பறம் நிரந்தரமாக்கினப்ப நெறைய பேரு முகத்தைச் சுளிச்சாங்க. அவரோட பலம் டிஃபென்ஸும் ஆள் சேக்கறதும்தான். அட்டாக் தன்னோட ஏரியா இல்லைன்னு அவருக்கே தெரியும், அதை ஒத்துக்கற தைரியமும் இருந்துச்சு. 2019 ஆரம்பத்துல நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்ங்கற புரொஃபஷனல் டீம்ல சின்ன பொறுப்புல இருந்த ஜோ பிரேடின்னு 29 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்து பாஸிங் கேமை அவன் கையில குடுத்தாரு. ஏற்கெனவே அட்டாக் பொறுப்புல இருந்தவரு ஸ்டீவ் என்ஸ்மிங்கர், அறுபது வயசுக்காரரு, எல்எஸ்யூலயே குவார்ட்டர்பேக்கா ஆடினவரு. நேத்து வந்த பையன் சொல்றதை நான் ஏன் கேக்கணும்னு அவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. நம்ம ஆஃபீஸ்கள்ல எத்தனை நல்ல யோசனை இந்த ஒரு இடத்துல செத்துப்போவுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அவரு அப்படிப் பண்ணல, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பிளான் போட்டாங்க. இதைப் பத்தி யாரும் அதிகமா பேசறதில்ல, எனக்கு அந்த சீசன்ல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

சரி, பிரேடி என்ன மாத்தினாரு? வழக்கமா குவார்ட்டர்பேக்கைக் காப்பாத்த லைன்ல இருக்கற அஞ்சு பேரோட ரன்னிங் பேக்கோ இன்னொருத்தரோ கூட நிப்பாங்க. எல்எஸ்யூ அடிக்கடி அந்தக் கூடுதல் ஆளையும் வெளியில அனுப்பிச்சு, அஞ்சு பேரையும் பாஸ் வாங்க ஓட விட்டாங்க. பின்னாடி பர்ரோ மட்டும் தனியா. எதிராளி ஆறு பேரை அனுப்பினா ஒருத்தன் கண்டிப்பா தடையில்லாம பர்ரோ மேல வந்து விழுவான், அது தெரிஞ்சுதான் பண்றாங்க. ஏன்னா ஆறாவது ஆளை அனுப்பினா வேற எங்கயோ ஒரு ஆள் கொறையுது இல்லையா, அந்த ஓட்டை எங்கன்னு பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே குவார்ட்டர்பேக் படிச்சுடணும், ரெண்டு ரெண்டரை செகண்டுல பந்து கையை விட்டுப் போயிடணும். பர்ரோவுக்கு கோச் வீட்டுப் பையன் மூளை, எதிராளி நிக்கற நிலையைப் பாத்தே என்ன வரப்போவுதுன்னு சொல்லிடுவாரு. 2018ல அந்த மூளைக்கு வேலையே குடுக்கல. 2019ல ஆட்டத்தையே அதைச் சுத்திக் கட்டினாங்க.

வாங்கறதுக்கும் ஆளு இருந்தாங்க, அதையும் சொல்லணும். ஜமார் சேஸ் 1,780 யார்டு, 20 டச்டவுன், நாட்டுலயே சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது. ஜஸ்டின் ஜெஃபர்சன் 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன். டெரஸ் மார்ஷல் 13. கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர்னு ஒரு ரன்னிங் பேக், பேட்டன் ரூஜ் பையன், 5 அடி 8 அங்குலம்தான், ஆனா ஒருத்தன் பிடிச்சு அவன் விழுந்து நான் பாத்ததில்ல, ரெண்டு மூணு பேராவது வேணும். லைனுக்கு நாட்டின் சிறந்த லைன்னு ஜோ மூர் விருது. எல்எஸ்யூல 18ங்கற நம்பரை டீமுக்காகத் தன்னை மறந்து உழைக்கறவங்களுக்குத்தான் குடுப்பாங்க, அந்த வருஷம் டிஃபென்ஸ்ல கேலவான் சேசானுக்கும் லைன்ல லாய்ட் குஷன்பெரிக்கும் குடுத்தாங்க, ஆனா லைன்ல நிக்கறவங்க ரூல்படி அந்த நம்பர் போட முடியாது, அதனால குஷன்பெரி தன்னோட 79 ஜெர்ஸில 18ன்னு ஒரு சின்ன பேட்ச் தைச்சுக்கிட்டு ஆடினாரு.

இப்ப மேட்சுக்கு வருவோம். மொதல் மேட்ச் 55-3, சின்ன டீம், விடுங்க. ரெண்டாவது மேட்ச்தான் ஊரைத் திரும்பிப் பாக்க வச்சுது. செப்டம்பர் 7, ஆஸ்டின்ல டெக்சஸ் கிரவுண்ட்ல, நமக்கு ஞாயித்துக்கிழமை விடியக்காலை அஞ்சு மணி, பால் பாக்கெட் வர்ற நேரம். கடைசி ரெண்டரை நிமிஷம், எல்எஸ்யூ 37-31 முன்னாடி, மூணாவது சான்ஸ், இன்னும் 17 யார்டு வேணும். பழைய எல்எஸ்யூவா இருந்தா பந்தை நடுவுல முட்டிட்டு, டைமை ஓட்டி, உதைச்சு விட்டுட்டு டிஃபென்ஸை நம்பியிருப்பாங்க. இவங்க பாஸுக்குப் போனாங்க. டெக்சஸ் ஆளுங்களை அனுப்பிச்சு நெருக்கினாங்க, பர்ரோ பயந்து பின்னாடி ஓடல, முன்னாடி ஒரு அடி வச்சு ஓரமா நகர்ந்து, ஆளு மேல விழறதுக்குள்ள ஜெஃபர்சனுக்குத் தூக்கிப் போட்டாரு. 61 யார்டு, டச்டவுன். 45-38ல முடிஞ்சுது. 15 மேட்ச்ல ஒரே ஒரு பிளே காட்டுன்னா நான் இதைத்தான் காட்டுவேன். ஃபைனலைக் கூட இல்ல, இதை. அந்தக் காலேஜ் மாறிடுச்சுன்னு அந்த ஒரு பாஸ்ல தெரிஞ்சுடுச்சு.

அடுத்த சில வாரம் வேகமா போயிடலாம், 65, 66, 42, 42, 36ன்னு ஸ்கோர் வந்துக்கிட்டே இருந்துச்சு, ஃப்ளோரிடாவை 42-28ல அடிச்சது அதுல முக்கியம். ஆபர்ன் மேட்ச்ல மட்டும் கொஞ்சம் நிக்கணும். அவங்க முன்னாடி மூணே பேரை நிறுத்திட்டு பின்னாடி ஏழு பேரை வச்சு பாஸ் வழியெல்லாம் அடைச்சாங்க. எல்எஸ்யூவோட அந்த சீசன்லயே கம்மியான ஸ்கோர் அதுதான், 23-20. நல்லா யோசிச்ச டிஃபென்ஸ் இவங்களைக் கட்டிப்போட முடியும்னு ஆபர்ன் காட்டினாங்க, ஆனா அப்படிக் கட்டிப்போட்டும் ஜெயிக்க முடியல. சாம்பியன் டீமுக்கு இப்படி அசிங்கமா ஒரு வெற்றி கண்டிப்பா வேணும்னு நான் நம்பறேன்.

அப்பறம் நவம்பர் 9, டஸ்கலூசா, அலபாமா. நமக்கு ராத்திரி ரெண்டு மணி. ரெண்டு டீமும் அதுவரைக்கும் தோக்கல. பாதி ஆட்டம் முடியறப்ப 33-13 எல்எஸ்யூ. ஜெயிச்சாச்சுன்னு நினைச்சா அலபாமா விடல, அவங்க குவார்ட்டர்பேக் டுவா டங்கோவைலோவா கணுக்கால் ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் கூட ஆகாம வந்து 418 யார்டு போட்டாரு, அந்த மனுஷனையும் மதிக்கணும். 33-27, 39-34, அவங்க கிட்ட வர வர இவங்க பதில் குடுத்துட்டே இருந்தாங்க, எட்வர்ட்ஸ்-ஹெலேர் மட்டும் நாலு டச்டவுன். 46-41. எட்டு தோல்விக்கு அப்பறம் வந்த வெற்றி. பர்ரோ 39 பாஸ்ல 31ஐ சேத்தாரு.

இதெல்லாம் சொல்றப்ப டிஃபென்ஸைப் பத்தியும் நேர்மையா சொல்லணும், நடுவுல அது ஓட்டையாத்தான் இருந்துச்சு. வான்டர்பில்ட் 38, ஓல் மிஸ் 37 எடுத்தாங்க, ஓல் மிஸ் குவார்ட்டர்பேக் ஒருத்தரே ஓடியே 212 யார்டு. டிவில எல்லாரும் கிழிச்சாங்க. டேவ் அரண்டாங்கற டிஃபென்ஸ் கோச் அதுக்கப்பறம் சரி பண்ணாரு, கணுக்கால் வலியோட ஆடிட்டு இருந்த கிராண்ட் டெல்பிட்டும் தேறிட்டாரு, மொதல் வருஷப் பையன் டெரெக் ஸ்டிங்லி அந்த சீசன்ல ஆறு இன்டர்செப்ஷன் எடுத்தாரு. கடைசி ரெகுலர் மேட்ச்ல டெக்சஸ் ஏ அண்ட் எம் எடுத்தது 7, எஸ்இசி ஃபைனல்ல ஜார்ஜியா எடுத்தது 10. ஏ அண்ட் எம் மேட்சுக்கு ஒரு முன்கதை இருக்கு, முந்தின வருஷம் அதே டீம்கிட்ட ஏழு ஓவர்டைம் போய் 74-72ன்னு தோத்திருந்தாங்க, இந்த வாட்டி 50-7. அது பர்ரோவுக்கு சொந்த கிரவுண்ட்ல கடைசி மேட்ச், கிரவுண்டுக்குள்ள வர்றப்ப முதுகுல தன் பேரை லூசியானாக்காரங்க எழுதற பிரெஞ்சு பாணில எழுதின ஜெர்ஸியைப் போட்டுக்கிட்டு வந்தாரு. டைகர் ஸ்டேடியத்துல 1,02,321 பேரு உக்காரலாம், சேப்பாக்கத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல. அந்தச் சத்தத்தை ஹெட்ஃபோன்ல கேட்டாலே உடம்பு சிலிர்க்கும்.

டிசம்பர்ல பர்ரோவுக்கு ஹைஸ்மன் டிராஃபி (அந்த வருஷத்தோட சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான விருது), 1959ல பில்லி கேனன் வாங்கினதுக்கு அப்பறம் எல்எஸ்யூக்கு 60 வருஷம் கழிச்சு. மேடைல அழுதுக்கிட்டே, தான் வளர்ந்த ஏதென்ஸ் பக்கம் எவ்வளவு வறுமை, பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போற பசங்களுக்கு சாப்பாடு இல்லைன்னு சொன்னாரு. அதைக் கேட்டு முன்பின் தெரியாத ஜனங்க அந்த ஊரு உணவு வங்கிக்கு அஞ்சு லட்சம் டாலருக்கு மேல அனுப்பினாங்க. பேச்சை முழுசா பாருங்க, அஞ்சாறு நிமிஷம்தான்.

அரையிறுதி டிசம்பர் 28, அட்லாண்டா, ஓக்லஹோமா கூட. அன்னிக்குக் காலைல லூசியானாவுல கிளம்பின ஒரு சின்ன விமானம் விழுந்து என்ஸ்மிங்கரோட மருமக இறந்துட்டாங்க, இந்த மேட்சைப் பாக்கத்தான் வந்துட்டு இருந்தாங்க. ஸ்டேடியத்துலதான் அவருக்கு செய்தி வந்துச்சு. அவரு எழுந்து போயிருந்தா ஒருத்தரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டாங்க. மேல பூத்ல போய் உக்காந்து வேலையைச் செஞ்சாரு. பாதி ஆட்டத்துக்குள்ளயே பர்ரோ ஏழு டச்டவுன் பாஸ், அதுல ஜெஃபர்சனுக்கு மட்டும் நாலு, 49-14. முடிவு 63-28. என்ஸ்மிங்கர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு பூத்ல உக்காந்திருந்த அந்த ஷாட்டை டிவில பாத்தவங்களால மறக்க முடியாது.

ஃபைனல் 2020 ஜனவரி 13, அங்க ராத்திரி, நமக்கு 14ம் தேதி காலை ஆறே முக்கால், போகி. தெருவுல பழைய பாய், டயர் எரிஞ்ச புகை, உள்ள லேப்டாப்ல சூப்பர்டோம். பேட்டன் ரூஜ்லேந்து நியூ ஆர்லியன்ஸ் சுமார் 130 கிலோமீட்டர், சென்னைலேந்து வேலூர் போற தூரம்தான், அதனால ஸ்டேடியம் பூரா ஊதாவும் தங்க நிறமும். எதிர்ல கிளெம்சன், முந்தின வருஷ சாம்பியன், வரிசையா 29 மேட்ச் தோக்காத டீம், ட்ரெவர் லாரன்ஸ் ஆரம்பிச்ச 25 மேட்சுலயும் தோத்ததே இல்ல. கிளெம்சன் 17-7ன்னு முன்னாடி போனாங்க, சீசன்லயே எல்எஸ்யூ அவ்வளவு பின்தங்கினது அப்பதான். பதட்டப்படல. சேஸை ஒத்தைக்கு ஒத்தையா விட்டிருக்காங்கன்னு பர்ரோ பாத்துட்டாரு, திரும்பத் திரும்ப அங்கயே போட்டாரு, சேஸ் 9 கேட்ச்ல 221 யார்டு. 42-25. பர்ரோ 463 யார்டு, அஞ்சு பாஸ் டச்டவுன், தானே ஓடி ஒண்ணு.

ஜோர்டன் ஜெஃபர்சன் பேரை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா? அதே சூப்பர்டோம்ல 21-0ன்னு தோத்த அந்த குவார்ட்டர்பேக்கோட சொந்தத் தம்பிதான் ஜஸ்டின் ஜெஃபர்சன். அண்ணன் தோத்த அதே கிரவுண்ட்ல எட்டு வருஷம் கழிச்சு தம்பி கோப்பையைத் தூக்கினான்.

மொத்தம் 15 மேட்ச்ல 726 பாயிண்ட், அதுக்கு முன்னாடி அந்த லெவல்ல யாரும் ஒரு சீசன்ல அவ்வளவு எடுத்ததில்ல. தோற்கடிச்சதுல ஏழு டீம் அந்தந்த நேரத்துல நாட்டோட டாப் 10ல இருந்தவங்க. அதனாலதான் "எல்லா காலத்துலயும் சிறந்த டீம்"னு பேசறாங்க. 2001 மயாமி டீம்தான் சிறந்ததுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஆள் வரிசையா எடுத்தா அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா ஜெயிச்ச டீம்களோட தரத்தை வச்சுப் பாத்தா என் ஓட்டு 2019 எல்எஸ்யூக்குத்தான்.

ஆளா முறையான்னு நீங்க கேட்டதுக்கு பதில் அடுத்த வருஷத்துலயும் இருக்கு. 2020 டிராஃப்ட்ல (புரொஃபஷனல் டீம்கள் காலேஜ் ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கறது) 14 பேரு போயிட்டாங்க, பர்ரோ மொதல் ஆளா, மொதல் ரவுண்ட்ல மட்டும் அஞ்சு பேரு. பிரேடி கரோலினா பேந்தர்ஸ்ங்கற புரொஃபஷனல் டீமுக்குப் போனாரு, அரண்டா பேய்லர் காலேஜுக்கு ஹெட் கோச்சா போனாரு, என்ஸ்மிங்கர் மட்டும் இருந்தாரு, சேஸும் அந்த சீசன் ஆட வேண்டாம்னு ஒதுங்கிட்டாரு. 2020ல 5-5. 2021 முடியறப்ப ஓஜெரானும் கிளம்பிட்டாரு. ஆளும் முறையும் ஒரே நேரத்துல கூடி வந்த வருஷம் அது ஒண்ணுதான், ரெண்டுல எதை எடுத்தாலும் நிக்கல.

கிளம்பறதுக்கு முன்னாடி பாக்கணும்னா இந்த வரிசைல பாருங்க: மொதல்ல டெக்சஸ் மேட்சோட கடைசி கால் பகுதி, அப்பறம் அலபாமா முழுசா, அப்பறம் ஆபர்ன் (ரூல்ஸ் கொஞ்சம் பிடிபட்டதுக்கு அப்பறம் பாருங்க, அப்பதான் டிஃபென்ஸ் என்ன பண்ணாங்கன்னு புரியும்), ஓக்லஹோமா மொதல் பாதி போதும், கடைசில ஃபைனல். அங்க போனதும் டைகர் ஸ்டேடியம் பக்கத்துலயே மைக்னு உயிரோட ஒரு புலி வளக்கறாங்க, டிக்கெட்டே வேணாம், போய்ப் பாருங்க. சனிக்கிழமை மேட்ச் இருந்தா அன்னிக்கு லேப் வேலை எதுவும் வச்சுக்காதீங்க.